கன் கொண்டு வராதீங்கன்னு போர்டு வெச்ச கடை: டெக்சாஸ்ல லைசன்ஸ் வெச்சிருக்கறவங்க என்ன பண்ணணும்

டெக்சாஸ்ல எல்டிசி, அதாவது கைத்துப்பாக்கி கூட எடுத்துட்டுப் போறதுக்கு அந்த மாநிலம் குடுக்கற லைசன்ஸ், வாங்கினவங்க, இல்ல வாங்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்க, ரெண்டு பேருக்கும்தான் இது. க்ளாஸ்ல சுடறதுக்கு சொல்லித் தர்றாங்க, சட்டமும் கொஞ்சம் சொல்றாங்க, ஆனா சனிக்கிழமை காலைல வீட்ட விட்டு கெளம்பி பேங்க், மளிகைக் கடை, குழந்தையோட தமிழ் ஸ்கூல், மத்தியானம் ஹோட்டல்னு அஞ்சு எடத்துக்குப் போறப்ப எந்த வாசல்ல கன்னோட நுழையலாம் எந்த வாசல்ல கூடாதுன்னு யாரும் உக்காந்து விளக்கறதில்ல. அதனால நெறைய பேர் "சட்டைக்குள்ளதான இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது"ன்னு போயிடறாங்க. தெரியலைங்கறது வேற, அனுமதிங்கறது வேற. கடை அவங்களோடது, வேண்டாம்னு சொல்ற உரிமை அவங்களுக்கு இருக்கு, அதை மதிக்கணும். செருப்ப வெளிய விட்டுட்டு வாங்கன்னு ஒரு வீட்டுல சொன்னா விட்டுட்டுத்தான போறோம், அவ்ளோதான்.

மொதல்ல ஒரு விஷயத்த முடிச்சிட்டு மத்ததுக்குப் போவோம். நீங்க ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 மாதிரி விசாவுல வந்து இருக்கீங்கன்னா உங்களுக்கு போர்டு பிரச்னையே கெடையாது, ஏன்னா ஃபெடரல் சட்டப்படி நீங்க கன்னோ தோட்டாவோ வெச்சிருக்கவே கூடாது. செல்லுபடியாகற வேட்டை லைசன்ஸ் மாதிரி ஒரு சில விலக்கு இருக்கு, அது இல்லாம வெச்சிருந்தா 15 வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை. ஃப்ரெண்டு கையில குடுத்தாரு, ரெண்டு நிமிஷம்தான் புடிச்சிருந்தேன்னு சொல்றதெல்லாம் எடுபடாது. க்ரீன் கார்டு வந்துட்டா வாங்கலாம், எல்டிசி-க்கும் அப்ளை பண்ணலாம். ஆனா க்ரீன் கார்டுல இருக்கறவங்க ஒண்ண மறக்கக் கூடாது, துப்பாக்கி சம்பந்தமான குற்றத்துல தண்டனை ஆயிட்டா நாட்ட விட்டு அனுப்பறதுக்கே அது ஒரு காரணமா சட்டத்துல எழுதி வெச்சிருக்கு. சிட்டிசனுக்கு அபராதத்தோட போற விஷயம் நமக்கு அப்படிப் போகும்னு நெனைக்காதீங்க, எவ்ளோ சின்ன டிக்கெட்டா இருந்தாலும் குற்றத்த ஒத்துக்கறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சரி, இப்ப போர்டு.

டெக்சாஸ்ல 2021 செப்டம்பர் 1-லேர்ந்து 21 வயசு ஆன, சட்டப்படி கன் வெச்சிருக்கத் தகுதி இருக்கற ஒருத்தர் லைசன்ஸ் இல்லாமயே கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போகலாம்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்தக் குழப்பம் ஜாஸ்தி ஆச்சு. ஏன்னா வாசல்ல மூணு வகையான போர்டு இருக்கு, மூணும் மூணு ஆளுங்களுக்கு. 30.06-ன்னு நம்பர் போட்டது லைசன்ஸ் வெச்சிருக்கறவர் மறைச்சு எடுத்துட்டு வர்றதத் தடுக்க. 30.07 போட்டது லைசன்ஸ் வெச்சிருக்கறவர் வெளிய தெரியற மாதிரி இடுப்புல மாட்டிட்டு வர்றதத் தடுக்க, இது 2016-ல ஓப்பன் கேரி வந்தப்ப கூடவே வந்தது. 30.05 போட்டது லைசன்ஸ் இல்லாம எடுத்துட்டு வர்றவங்களுக்கு. இந்த நம்பர் எல்லாம் டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தோட பிரிவு நம்பர். ஒரு கடை கதவுல 30.07 மட்டும் இருந்துச்சுன்னா அவங்க கேக்கறது வெளிய தெரியற மாதிரி கொண்டு வராதீங்கன்னு மட்டும்தான். 30.06, 30.07 ரெண்டும் ஒட்டியிருந்தா லைசன்ஸ் இருந்தாலும் எப்படியும் கொண்டு வராதீங்கன்னு அர்த்தம்.

30.06 போர்டுக்கு சட்டமே ஒரு அளவு சொல்லியிருக்கு. வாசகம் சட்டத்துல இருக்கற அதே வாசகமா இருக்கணும், இங்கிலீஷ், ஸ்பானிஷ் ரெண்டு மொழியிலயும் இருக்கணும், எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு இஞ்ச் ஒசரத்துக்குக் கொறையக் கூடாது, பின்னணிக் கலர்லேர்ந்து எடுப்பாத் தெரியணும், பொதுமக்கள் கண்ணுல படற எடத்துல வெச்சிருக்கணும். அதனாலதான் அது அவ்ளோ பெரிய போர்டா இருக்கு, கதவோட பாதிய அடைச்சிக்கும். இது இல்லாம துப்பாக்கிப் படத்துமேல சிவப்புக் கோடு போட்ட சின்ன ஸ்டிக்கர் பாத்திருப்பீங்க. எல்டிசி இருக்கறவரப் பொறுத்தவரைக்கும் டெக்சாஸ்ல அந்த ஸ்டிக்கர் மட்டும் 30.06 நோட்டீஸ் ஆகாது. இத வெச்சு "அந்த போர்டு செல்லாது, நான் போவேன்"னு சில பேர் எழுத்து ஒசரத்த அளந்துட்டு நிக்கறாங்க, எனக்கு அதுல துளியும் ஒப்புதல் இல்ல. அந்தக் கடைக்காரருக்கு சட்ட வாசகம் தெரியாம இருக்கலாம், ஆனா அவர் என்ன சொல்ல வர்றாருன்னு பாக்கற எல்லாருக்கும் புரியுது. ஒரு இஞ்சுக்கு முக்கால் இஞ்ச்தான் இருந்துச்சுன்னு கோர்ட்ல நின்னு ஜெயிச்சாலும் வக்கீல் ஃபீஸ் உங்களுதுதான். ஸ்டிக்கர் பாத்தாலும் கார்ல வெச்சிட்டுப் போங்க, இல்ல அவருக்கு வியாபாரம் குடுக்க இஷ்டமில்லைன்னா வேற கடைக்குப் போங்க, ரெண்டுமே நேர்மையான வழி. லைசன்ஸ் இல்லாம எடுத்துட்டுப் போறவங்களுக்கு அந்தச் சின்ன ஸ்டிக்கரே ஆபத்துதான், அவங்களுக்கு அத்துமீறல் சட்டத்துல நோட்டீஸோட வரையறை இவ்ளோ இறுக்கமா இல்ல.

போர்டு இருந்தும் உள்ள போனா என்ன ஆகும்னா, அது க்ளாஸ் சி குற்றம், 200 டாலர் வரைக்கும் அபராதம். கடைக்காரரோ ஊழியரோ நேர்ல வந்து வெளிய போங்கன்னு சொல்லியும் போகலைன்னா அது க்ளாஸ் ஏ ஆயிடும், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 4,000 டாலர் வரைக்கும் அபராதம், லைசன்ஸும் ஆபத்துல. அதனால யாராவது வந்து "சார், இங்க கன் கொண்டு வரக்கூடாது"ன்னு சொன்னா பேசாம சாரி சொல்லிட்டு திரும்பி நடங்க. என் உரிமை, கன் வெச்சிருக்க உரிமை தர்ற அரசியல் சட்டத்தோட ரெண்டாவது திருத்தம், உங்க போர்டு சரியில்லைன்னு வாதாடறதுக்கு அது எடமில்ல. தள்ளுவண்டியில சாமான் இருந்தா அப்படியே விட்டுட்டு வாங்க. கைய இடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க, சட்டைய சரி பண்ணக் கூட வேண்டாம், பயந்து போயிருக்கற ஒரு ஆளோட கண்ணுக்கு அது வேற மாதிரி தெரியும். போலீஸ் வந்துட்டா ரெண்டு கையும் தெரியற மாதிரி வெச்சிட்டு, என்கிட்ட லைசன்ஸ் இருக்கு, கன் இடுப்புல வலது பக்கம் இருக்கு, நீங்க சொல்றபடி செய்யறேன்னு நிதானமா சொல்லுங்க, ஐடி கேட்டா ஐடியோட எல்டிசி-யும் சேத்துக் காட்டணும்.

உள்ள போனப்புறம்தான் போர்டு கண்ணுல பட்டுச்சுன்னாலும் இதேதான், அப்படியே திரும்பி வெளிய வந்து கார்ல பூட்டிட்டு மறுபடி போங்க. அந்த ரெண்டு நிமிஷ நடை ஒண்ணும் பெருசில்ல.

போர்டே இல்லாட்டியும் கூடாதுங்கற எடங்கள் தனியா இருக்கு, இதுல நம்ம ஆளுங்க அடிக்கடி தடுமாறறது ஸ்கூல்ல. நம்ம ஊர்ப் பசங்களுக்கான வாரக்கடைசி தமிழ் வகுப்பு நெறைய எடத்துல அரசுப் பள்ளிக் கட்டடத்த வாடகைக்கு எடுத்துத்தான் நடக்குது. சனி ஞாயிறு, ஸ்கூல் லீவு, தமிழ் வகுப்புதான நடக்குதுன்னு நெனைக்காதீங்க, கட்டடம் பள்ளிக்கூடம்தான். பொங்கல் விழா ஆடிட்டோரியத்துல நடந்தாலும் அந்த ஆடிட்டோரியம் ஹைஸ்கூலோடதுன்னா கதை அதேதான். அது க்ளாஸ் சி டிக்கெட் இல்ல, ஃபெலனி, அதாவது பெரிய வகைக் குற்றம். இது போக பள்ளியச் சுத்தி 1,000 அடிக்குள்ள ஃபெடரல் சட்டம் ஒண்ணு தனியா ஓடுது, அந்த மாநிலத்தோட லைசன்ஸ் இருக்கறவங்களுக்கு அதுல விலக்கு உண்டு, லைசன்ஸ் இல்லாமப் போறவங்களுக்கு இல்ல, அவங்க கன்ன லோடு இல்லாம பூட்டின பெட்டிக்குள்ள வெச்சிருக்கணும். வீட்டுலேர்ந்து கெளம்பி மெயின் ரோடு போறதுக்குள்ள ரெண்டு ஸ்கூல் தாண்டற ஊர்ல இது சும்மா ஏட்டுச் சட்டம் இல்ல. 21 வயசானா லைசன்ஸ் தேவையில்லையே, எதுக்கு எல்டிசி-ன்னு கேக்கறவங்களுக்கு நான் மொதல்ல சொல்ற பதிலே இதுதான். ஃபீஸ் 40 டாலர், க்ளாஸ் நாலுலேர்ந்து ஆறு மணி நேரம், அதுக்கப்புறம் ரேஞ்ச்ல, அதாவது சுட்டுப் பழகற எடத்துல, 50 ரவுண்டு சுட்டுக் காட்டணும். அந்த ஒரு நாள செலவு பண்ணிடுங்க.

ரெண்டாவது, பார். வருமானத்துல 51 சதவீதமோ அதுக்கு மேலயோ அங்கயே குடிக்கற மதுவுலேர்ந்து வர்ற எடத்துல சிவப்பு எழுத்துல பெருசா 51% போட்ட போர்டு இருக்கும். அங்க லைசன்ஸ் இருந்தாலும் கூடாது, இதுவும் ஃபெலனி, ரெண்டுலேர்ந்து பத்து வருஷம் வரைக்கும் போகக்கூடிய கேஸ். பிரியாணி சாப்பிடப் போற ரெஸ்டாரண்ட்ல பீரும் விக்கறாங்கன்னா அது பொதுவா இந்தக் கணக்குல வராது, ஆனா கன் இடுப்புல இருக்கறப்ப ஒரு பீர் கூட வேண்டாம். ஆஃபீஸ் நண்பர்களோட சாயங்காலம் போறீங்கன்னா அன்னிக்கு கன் வீட்டுலயே இருக்கட்டும், இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

கோர்ட்டு, தேர்தல் நடக்கற வாக்குச்சாவடி, குதிரைப் பந்தய மைதானம், ஸ்கூல், தடை போட்டிருக்கற தனியார் காலேஜ் (அரசுக் காலேஜ்ல லைசன்ஸ் இருக்கறவர் மறைச்சு எடுத்துட்டுப் போகலாம், அங்கயும் சில கட்டடங்கள்ல கூடாது), தொழில்முறை விளையாட்டுப் போட்டி நடக்கற ஸ்டேடியம், சிறைச்சாலை, ஏர்போர்ட்ல செக்கிங் தாண்டின பகுதி, சோஷியல் செக்யூரிட்டி ஆஃபீஸ், இமிக்ரேஷன் ஆஃபீஸ் மாதிரி ஃபெடரல் கட்டடங்க, இதெல்லாம் கூடாது. கைரேகை குடுக்க பயோமெட்ரிக்ஸ் அப்பாயின்ட்மென்ட் போறப்ப ஞாபகம் இருக்கட்டும்.

கோவில் பத்தி நெறைய பேர் கேக்கறாங்க. 2019-ல சட்டத்த மாத்தினாங்க, இப்ப வழிபாட்டுத் தலங்கறதுக்காக மட்டும் தானாத் தடை கெடையாது, மத்த தனியார் எடம் மாதிரிதான், நிர்வாகம் போர்டு வெச்சாலோ நேர்ல சொன்னாலோ கூடாது. போர்டு இல்லைன்னாலும் கோவில் ஆஃபீஸ்ல ஒரு தடவை கேட்டுக்கோங்க. சாமி முன்னாடி தரைல விழுந்து கும்பிடறப்ப, பிரசாதத்துக்கு வரிசைல குழந்தைங்க இடிச்சிக்கிட்டு நிக்கறப்ப இடுப்புல கன் இருக்கறது எனக்கு சரியாப் படல. 2017-ல சதர்லேண்ட் ஸ்ப்ரிங்ஸ் சர்ச்ல 26 பேர சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம் வழிபாட்டு எடங்கள்ல பாதுகாப்பு வேணும்னு பேசறாங்க, அந்த பயம் நியாயமானது. ஆனா அது நிர்வாகம் உக்காந்து முடிவு பண்ணி, பயிற்சி உள்ள ஆளப் போட்டு செய்ய வேண்டிய விஷயம், பக்தர் ஒருத்தர் தானா முடிவு பண்றதில்ல.

பெரிய கடைங்க சில பேர் போர்டு வெக்காம வேண்டுகோளா சொல்றாங்க. 2019 ஆகஸ்ட்ல எல் பாசோ வால்மார்ட்ல நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் வால்மார்ட், வெளிய தெரியற மாதிரி கன் கொண்டு வராதீங்கன்னு வாடிக்கையாளர்கள்கிட்ட கேட்டுக்கிட்டாங்க, லைசன்ஸோட மறைச்சுக் கொண்டு வர்றத மாத்தல. ஸ்டார்பக்ஸ் 2013-லயே கன் வேண்டாம்னு வேண்டுகோள் வெச்சது. வேண்டுகோள்தான, சட்டம் இல்லையேன்னு சொல்லலாம். 2023 மே மாசம் ஆலன் அவுட்லெட் மால்ல எட்டு பேர் செத்தாங்க, டாலஸ் பக்கம் இருக்கற இந்தியக் குடும்பங்க அடிக்கடி போற எடம் அது. அந்த ஊர்ல வேலை பாக்கற கடைப் பையன், உள்ள வர்ற ஒருத்தரோட இடுப்புல கன் பாத்தா என்ன நெனைப்பான்னு யோசிச்சா வேண்டுகோளுக்கே மதிப்பு குடுக்கத் தோணும்.

இப்ப கார் விஷயம், இதுலதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா போர்ட மதிச்சு கார்ல விட்டுட்டுப் போற நல்ல மனுஷங்க கிட்டதான் கன் திருட்டு போகுது. அமெரிக்காவுல திருடு போற கன்ல பெரிய பங்கு நிறுத்தி வெச்ச கார்லேர்ந்துதான் போகுது. க்ளவ் பாக்ஸ், சீட்டுக்கு அடில, நடுவுல இருக்கற கன்சோல், இதெல்லாம் திருடன் மொதல்ல பாக்கற எடம். எஃகு லாக் பாக்ஸ் ஒண்ணு வாங்குங்க, கூட எஃகு கேபிள் வரும், அத சீட்டோட இரும்பு ஃப்ரேம்ல சுத்திப் பூட்டுங்க, பாக்ஸ் வெளிய தெரியாம இருக்கணும், முடிஞ்சா டிக்கில வைங்க. கன் கம்பெனி ஸ்டிக்கர பின்கண்ணாடில ஒட்டாதீங்க, உள்ள கன் இருக்குன்னு நீங்களே எழுதி ஒட்டின மாதிரி ஆயிடும்.

கடை வாசல்ல பார்க் பண்ணிட்டு சீட்ல உக்காந்து இடுப்புலேர்ந்து கழட்டறதுதான் எல்லாத்தயும் விட ஆபத்தான நேரம். குறுகலான எடம், சீட் பெல்ட், சட்டை நுனி மாட்டிக்கும், பக்கத்து சீட்ல பொண்டாட்டி, பின்னாடி குழந்தை. கன்ன மட்டும் உருவாதீங்க, ஹோல்ஸ்டரோட, அதாவது இடுப்புல மாட்டற உறையோட, சேத்துக் கழட்டி அப்படியே பாக்ஸ்ல வைங்க, ட்ரிகர் மூடியே இருக்கணும். பார்க்கிங் லாட்ல தோட்டாவ எடுக்கறது, கன்னோட மேல் பாகமான ஸ்லைட இழுத்துப் பாக்கறது, மறுபடி லோடு பண்றது எதுவும் வேண்டாம், தெரியாம வெடிக்கறது பெரும்பாலும் இப்படி தேவையில்லாம கையாளறப்பதான். பாக்கறவங்களும் பயந்து போலீஸ கூப்பிடுவாங்க. அதனால என் பழக்கம் என்னன்னா காலைல கெளம்பறதுக்கு முன்னாடியே அன்னிக்குப் போற எடத்த எல்லாம் யோசிப்பேன், அதுல ஒரு எடத்துல கூடாதுன்னாலும் அன்னிக்கு கன் வீட்டு சேஃப்லயே இருக்கும். போட்டுக் கழட்டி போட்டுக் கழட்டி நாலு கடை ஏறி எறங்கறத விட இது எவ்வளவோ பாதுகாப்பு. ராத்திரி கார்ல மட்டும் விட்டு வெக்காதீங்க, எந்தக் காரணத்துக்கும். குழந்தைங்கள கார்ல விட்டுட்டு எறங்கறப்பவும் பாக்ஸ் பூட்டியிருக்கான்னு பாருங்க, 17 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளை கைக்கு எட்டற மாதிரி லோடு பண்ணின கன்ன விட்டா டெக்சாஸ்ல அதுவே தனிக் குற்றம்.

ஆஃபீஸ்ல உள்ள கொண்டு வரக்கூடாதுன்னு கம்பெனி சொல்லலாம், சொன்னா மீறாதீங்க, வேலை போயிடும். ஆனா உங்க சொந்தக் கார்ல பூட்டி பார்க்கிங் லாட்ல வெக்கறத பொதுவா தடுக்க முடியாது, 2011-லேர்ந்து அப்படி ஒரு சட்டம் இருக்கு. பள்ளிக்கூடம், சில ரசாயன, எண்ணெய் ஆலைங்க, கம்பெனி குடுத்த கார் இதுக்கெல்லாம் விலக்கு இருக்கு, ஹெச்.ஆர். பாலிசிய ஒரு தடவை படிச்சிடுங்க.

நீங்களே கடை வெச்சிருக்கீங்களா, மளிகைக் கடை, ஹோட்டல், டே கேர், கேஸ் ஸ்டேஷன் எதுவா இருந்தாலும் இந்தப் பகுதி உங்களுக்கு. கன் வேண்டாம்னு முடிவு பண்ணினா அந்தச் சின்ன ஸ்டிக்கர நம்பாதீங்க. மூணு போர்டும் வேணும், 30.05, 30.06, 30.07, மூணும் சட்டத்துல இருக்கற அதே வாசகத்தோட, ரெண்டு மொழியிலயும், ஒரு இஞ்ச் எழுத்துல. ரெண்டு வாசல் இருந்தா ரெண்டுலயும் ஒட்டுங்க, பின்பக்க பார்க்கிங் வாசல மறந்துடறாங்க. போர்டு இல்லைன்னாலும் நேர்ல வாயால சொல்றதும் செல்லும், வாசகம் அச்சடிச்ச கார்ட கைல குடுக்கறதும் செல்லும், கல்லால இருக்கற பையனுக்கு எப்படி மரியாதையா சொல்றதுன்னு சொல்லிக் குடுங்க, ஆள் ஒத்துக்கலைன்னா மல்லுக்கு நிக்காம 911 கூப்பிடச் சொல்லுங்க.

இதெல்லாம் டெக்சாஸ் கணக்கு. மாநில எல்லை தாண்டினா எல்லாம் மாறும். சில மாநிலத்துல போர்டுக்கு தனியா சட்ட பலம் இல்ல, வெளிய போன்னு சொல்லியும் போகலைன்னாதான் அத்துமீறல். இல்லினாய்ல போர்டு நாலுக்கு ஆறு இஞ்ச் அளவுல சின்னதா இருக்கும், டெக்சாஸ் மாதிரி பெருசா தேடினா கண்ணுல படாது, ஆனா அது செல்லும். வெளிய கன் எடுத்துட்டுப் போறதும் அரசியல் சட்ட உரிமைன்னு 2022-ல சுப்ரீம் கோர்ட் ப்ரூயன் கேஸ்ல தீர்ப்பு குடுத்தப்புறம் ஹவாய் மாதிரி சில மாநிலங்க அப்படியே தலைகீழா, கடைக்காரர் வாங்கன்னு சொன்னாதான் கொண்டு போகலாம்னு சட்டம் போட்டாங்க, அந்த ஹவாய் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. நியூஜெர்சில அண்ணன் வீட்டுக்கு கார்ல போறேன்னு டெக்சாஸ் லைசன்ஸ நம்பி கெளம்பிடாதீங்க, உங்க லைசன்ஸ் அங்க செல்லாது. போற வழில இருக்கற ஒவ்வொரு மாநிலத்துக்கும் அந்தந்த அரசு இணையதளத்துல பாத்துட்டுக் கெளம்புங்க.

விமானத்துல போறீங்கன்னா தோட்டா எடுத்த கன்ன பூட்டின கெட்டிப் பெட்டில வெச்சு, கவுன்ட்டர்ல சொல்லி, செக்-இன் லக்கேஜ்ல போடணும், கைப்பைல கூடவே கூடாது. 2023-ல மட்டும் 6,737 கன் அமெரிக்க ஏர்போர்ட் செக்கிங்ல மாட்டியிருக்கு, அதுல 93 சதவீதம் லோடு பண்ணினது, மாட்டினவங்கள்ல நெறைய பேர் சொன்னது பைல இருந்தத மறந்துட்டேன்னுதான். ஊருக்குப் போறப்ப இது இன்னும் முக்கியம். ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பைய சென்னை ஃப்ளைட்டுக்கு எடுக்கவே எடுக்காதீங்க. இந்தியாவுல ஒரே ஒரு தோட்டா பையோட மூலைல கெடந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்துல கேஸ் ஆகும், டெக்சாஸ் லைசன்ஸ் அங்க ஒரு அட்டைதான். ரேஞ்சுக்குன்னு தனிப் பை ஒண்ணு வாங்கி கராஜ்ல மாட்டி வைங்க, அதுல வேற எதையும் போடாதீங்க, ஊருக்குக் கெளம்பறப்ப எல்லாப் பெட்டியோட சின்ன ஜிப் பாக்கெட்டையும் தலைகீழா உதறிப் பாத்துட்டு துணிய அடுக்குங்க.